“அவளுக்கு மட்டும் ஏன் பெரிது?” – பிள்ளைகளின் நியாய உணர்வும் கொடுக்கும் மனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் மாறி மாறி எடுத்திருக்கிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளில் பாதி, பிள்ளைகளின் சண்டையைப் பற்றியவை. அந்தச் சண்டைகளில் முக்கால்வாசி, பங்கைப் பற்றியவை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்து, இந்தத் துறையில் ஆய்வு செய்தவர்கள் கண்டதையும் நான் வகுப்பில் பார்த்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

என் மகனுக்கு நான்கு வயது. கையில் இருப்பதை யாருக்கும் கொடுப்பதில்லை. சுயநலக்காரனாக வளர்ந்துவிடுவானோ?

அந்தப் பயம் வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளைக்கு எது நியாயம் என்று தெரியும். அதன்படி நடக்கத்தான் இன்னும் முடிவதில்லை.

கிரெய்க் ஸ்மித், பீட்டர் பிளேக், பால் ஹாரிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளிடம் ஆளுக்கு நான்கு ஸ்டிக்கர் கொடுத்து, “இன்னொரு பிள்ளைக்கு இதில் எத்தனை கொடுக்க வேண்டும்?” என்று கேட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள்கூட “பாதி” என்ற கருத்தைத்தான் சொன்னார்கள். உண்மையில் கொடுக்கும் நேரம் வந்தபோது சின்னப் பிள்ளைகள் பெரும்பங்கைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் சொன்னபடி சரிபாதி கொடுத்தார்கள். இதில் என் மனதில் நின்றது வேறொன்று. “நீ எத்தனை கொடுப்பாய்?” என்று முன்கூட்டியே கேட்டபோது சின்னப் பிள்ளைகள் நடிக்கவில்லை. தங்களுக்குத்தான் அதிகம் வைத்துக்கொள்வோம் என்று உள்ளதைச் சொன்னார்கள். நியாயம் தெரிகிறது, தன் மனமும் தெரிகிறது, இரண்டும் ஒன்றாகவில்லை என்பதும் தெரிகிறது. இவ்வளவு நேர்மையான பிள்ளையைச் சுயநலக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வயது செய்யும் வேலையைச் சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று இன்னும் தெளிவாகக் காட்டியது. எர்ன்ஸ்ட் ஃபேர், ஹெலன் பெர்ன்ஹார்ட், பெட்டினா ராக்கன்பாக் ஆகியோர் 2008-இல் வெளியிட்டது. மூன்று முதல் எட்டு வயது வரையிலான 229 பிள்ளைகள் பங்கேற்றார்கள். “உனக்கு ஒரு மிட்டாய், அவனுக்கு ஒரு மிட்டாய், அல்லது உனக்கே இரண்டும்” என்பது அதில் ஒரு தேர்வு. மூன்று, நான்கு வயதில் பகிர்ந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஏழு, எட்டு வயதில் ஏறக்குறைய பாதிப் பேர் பகிர்ந்தார்கள்.

உங்கள் மகன் பாதை தவறவில்லை. பாதையின் தொடக்கத்தில் இருக்கிறான். அவன் காதுபட “கஞ்சன்”, “யாருக்கும் தரமாட்டான்” என்று உறவினரிடம் சொல்லாமல் இருந்தால் போதும். சூட்டிய பெயருக்கு ஏற்பவே பிள்ளைகள் நடந்துகொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கைக்குழந்தைக்கே நியாயம் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. குழந்தை எதிர்பாராத ஒன்றைக் கண்டால் அதை அதிக நேரம் உற்றுப் பார்க்கும். இதை வைத்துத்தான் பேச்சு வராத குழந்தையின் மனதை ஆய்வாளர்கள் அறிய முயல்கிறார்கள். மார்க்கோ ஷ்மிட், ஜெசிகா சோமர்வில் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் இரண்டு பேருக்குத் தின்பண்டம் பங்கிடும் காட்சியைப் பதினைந்து மாதக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். பங்கு சமமாக இல்லாதபோது குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. தங்களுக்குப் பிடித்த பொம்மையைப் பிறருக்குக் கொடுத்த குழந்தைகளிடம் இந்த வியப்பு கூடுதலாகத் தெரிந்தது.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை. ஆறு மாதக் குழந்தை நல்லவரையும் கெட்டவரையும் பிரித்தறியும் என்று நீங்கள் படித்திருக்கலாம். உதவி செய்யும் பொம்மையையும் தடுக்கும் பொம்மையையும் காட்டினால் குழந்தைகள் உதவி செய்யும் பொம்மையையே எடுக்கின்றன என்று 2007-இல் வந்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. பல நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து அதை ஏராளமான குழந்தைகளிடம் மீண்டும் செய்துபார்த்தபோது அந்த விருப்பம் தென்படவில்லை. கைக்குழந்தைகளைப் பற்றிய செய்திகளை ஆவலோடு படியுங்கள். முடிவு கட்ட அவசரப்படாதீர்கள்.

இரண்டு வயதில் வாயில் இருந்த பிஸ்கட்டையே எடுத்து எனக்கு ஊட்டிய குழந்தை, மூன்று வயதில் எதைத் தொட்டாலும் “என்னுடையது” என்று கத்துகிறது. எங்கே தவறினேன்?

எங்கும் தவறவில்லை. குழந்தை வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அந்த பிஸ்கட். அது விளையாட்டு மட்டும் அன்று. லாரா ஆக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் ஆகியோர் கனடாவில் இரண்டு வயதுகூட ஆகாத குழந்தைகளிடம் சிறு பிஸ்கட்டுகளைக் கொடுத்து, ஒரு பொம்மைக் குரங்குக்கு ஊட்டச் செய்தார்கள். குழந்தைகளின் முகம் எப்போது மலர்கிறது என்று படமெடுத்துப் பார்த்தார்கள். தான் வாங்கியபோது மலர்ந்ததைவிடக் கொடுத்தபோது அதிகம் மலர்ந்தது. யாரோ தந்ததை எடுத்துக் கொடுத்ததைவிடத் தன் கிண்ணத்தில் இருந்ததைக் கொடுத்தபோது இன்னும் அதிகம் மலர்ந்தது. 2012-இல் வெளிவந்த இந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2006-இல் காட்டியதும் இதைச் சேர்ந்ததே. துணி உலர்த்தும் கிளிப்பைக் கைதவற விட்டு எட்ட முடியாமல் தவிக்கும் பெரியவருக்குப் பதினெட்டு மாதக் குழந்தைகள் அதை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு கையிலும் புத்தகங்களோடு அலமாரிமேல் முட்டிக்கொண்டு நின்றவருக்குக் கதவைத் திறந்து விட்டார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் பரிசு தரவில்லை.

அப்படியானால் அந்த “என்னுடையது”? “நான்” என்று தன்னைத் தனியாக உணர்ந்த பிறகுதான் “என்னுடையது” வரும். லாரா லெவின் 1983-இல் இரண்டு வயதுச் சிறுவர்களைக் கவனித்தபோது, தன்னைப் பற்றிய தெளிவு கூடுதலாக இருந்த பிள்ளைகளே பொம்மைகளுக்கு அதிகம் உரிமை கொண்டாடினார்கள். தன்னுடையது எது என்று தெரியாத பருவத்தில் கொடுப்பது எளிது. தன்னுடையது என்று தெரிந்த பிறகு கொடுப்பதுதான் கடினம், அதற்குத்தான் இன்னும் சில ஆண்டுகள் ஆகின்றன.

தனக்குக் குறைந்தால் வீட்டையே இரண்டாக்குகிறாள். அதிகம் கிடைத்தால் மட்டும் வாய் திறப்பதில்லை. இது என்ன நியாயம்?

பாதி நியாயம். மறுபாதி பின்னால் வரும். எல்லா ஊரிலும் ஒரே வயதில் வருவதில்லை.

பீட்டர் பிளேக்கும் கேத்ரின் மெக்காலிஃபும் இதைச் சோதிக்க ஓர் எளிய கருவி செய்தார்கள். முன்பின் பழகாத இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்காருகிறார்கள். நடுவே ஒரு பெட்டியின் மேல் இரண்டு தட்டு. ஒரு தட்டில் ஒரு மிட்டாய், மற்றதில் நான்கு. முடிவு செய்யும் உரிமை ஒரு பிள்ளைக்கு மட்டும். பச்சைப் பிடியை இழுத்தால் அவரவர் தட்டில் இருப்பது அவரவர்க்கு விழும். சிவப்புப் பிடியை இழுத்தால் எல்லாம் நடுக் கிண்ணத்தில் விழுந்துவிடும், இருவருக்கும் ஒன்றுமில்லை.

தனக்கு ஒன்று, எதிரே இருப்பவனுக்கு நான்கு என்றால் நான்கு வயதுப் பிள்ளைகளே சிவப்பை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். கையில் வரவேண்டிய ஒரு மிட்டாயும் போனாலும் பரவாயில்லை, அவனுக்கு நான்கு போகக்கூடாது. தனக்கு நான்கு, அவனுக்கு ஒன்று என்றால் அதே பிள்ளைகள் பச்சையை இழுத்தார்கள். எட்டு வயதில்தான் மாற்றம் தெரிந்தது. தனக்கு அதிகம் வருவதையும் அவர்கள் மறுத்தார்கள்.

இது அமெரிக்கப் பிள்ளைகளின் பழக்கமா, மனித இயல்பா? அதை அறிய இந்தியா, கனடா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா, அமெரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் இதே பெட்டியை எடுத்துச் சென்றார்கள். நான்கு முதல் பதினைந்து வயது வரை 866 ஜோடிப் பிள்ளைகள். 2015-இல் முடிவு வெளிவந்தது. தனக்குக் குறைவதை எதிர்ப்பது ஏழு நாடுகளிலும் இருந்தது. தொடங்கும் வயதுதான் சற்று முன்பின். தனக்கு அதிகம் வருவதை மறுப்பது கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகிய மூன்று இடங்களில் மட்டும், அதுவும் வளர்ந்த பிள்ளைகளிடம் மட்டும் தெரிந்தது.

இந்தியாவில் தெரியவில்லையே என்று மனம் தளர வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு ஈரம் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. கிடைத்த உணவைக் கீழே கொட்டுவதே பாவம் என்று சொல்லி வளர்க்கும் வீடுகள் நம்முடையவை. அப்படி வளர்ந்த பிள்ளை சிவப்புப் பிடியை எப்படி இழுக்கும்? இது என் எண்ணம், ஆய்வின் முடிவு அன்று. ஆய்வு சொல்வது இவ்வளவே: தனக்குக் குறைந்தால் வரும் கோபம் தானாக வளர்கிறது, தனக்குக் கூடினால் வரும் கூச்சத்துக்குச் சுற்றியிருப்பவர்களின் வழக்கம் வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் எல்லாவற்றையும் அளந்து பிரிக்கச் சொல்கிறான். ஐந்து முறுக்கு இருந்தால் ஐந்தாவதை யாரும் தின்னக்கூடாது என்கிறான். பிடிவாதமா?

வயது. ஆறிலிருந்து எட்டு வரை சமம் என்பது பிள்ளைகளுக்கு ஒரு சட்டம்போல ஆகிவிடுகிறது.

அலெக்ஸ் ஷா, கிறிஸ்டினா ஓல்சன் இருவரும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். இரண்டு சிறுவர்கள் தங்கள் அறையைச் சுத்தம் செய்தார்கள். பரிசாக ஐந்து ரப்பர். ஆளுக்கு இரண்டு கொடுத்தாயிற்று. ஐந்தாவதை ஒருவனுக்குக் கொடுக்கலாமா, குப்பையில் போடலாமா? பெரும்பாலான பிள்ளைகள் குப்பையில் போடச் சொன்னார்கள். ஒருவன் அதிகம் வேலை செய்தான் என்று கதையை மாற்றியதும் அவனுக்கே ஐந்தாவதைக் கொடுத்தார்கள். காரணம் இருந்தால் கூடுதல் சரி; காரணம் இல்லாமல் கூடுதல் என்றால் ஒருவர் பக்கம் சாய்கிறோம் என்று ஆகிவிடும். அந்தப் பயம்தான் நல்ல ரப்பரைக் குப்பைக்கு அனுப்புகிறது.

ஐந்தாவது முறுக்கை உடைத்துக் கொடுங்கள். அல்லது பாட்டிக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

எண்ணத் தெரிவதற்கும் பங்கிடுவதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. பலர் யோசிக்காத இடம் இது.

ஒரு தீபாவளிக்கு மறுநாள். என் மகனுக்கு மூன்றரை வயது, மகளுக்கு ஏழு. ஆளுக்கு ஓர் அதிரசம் தட்டில் வைத்தேன். மகள் தன்னுடையதை இரண்டாகப் பிட்டு வைத்துக்கொண்டாள். அவன் அவள் தட்டைப் பார்த்தான், தன் தட்டைப் பார்த்தான், உதடு பிதுங்கியது. “அக்காவுக்கு இரண்டு!” என்று தரையில் உருண்டு அழத் தொடங்கினான். விளக்கம் சொன்னேன்; காதில் ஏறவில்லை. கடைசியில் அவன் அதிரசத்தையும் எடுத்து இரண்டாகப் பிட்டு அவன் கண்முன் வைத்தேன். தேம்பல் பாதியில் நின்றது. எண்ணெய் ஒட்டிய விரலால் ஒன்று, இரண்டு என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தான். அவன் கேட்டது நியாயத்தைத்தான். அவன் கையில் இருந்த அளவுகோல் அவ்வளவு சிறியது.

துண்டுகள் கூடினாலும் அளவு மாறாது என்பது இந்த வயதில் பிடிபடாது என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே நெடுங்காலம் முன்பே சொன்னார். நாடியா செர்னியாக்கும் உடன் ஆய்ந்தவர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணிக்கை நன்றாகத் தெரிந்த மழலைப் பருவப் பிள்ளைகளே பொருள்களைச் சமமாகப் பங்கிட்டார்கள். எண்ணத் தடுமாறிய பிள்ளைகளின் பங்கும் தடுமாறியது. ஆகவே பங்கிடும்போது “உனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று” என்று வாய்விட்டுச் சொல்லி வைக்கப் பழக்குங்கள். கணக்குப் பாடமும் அதுதான், நியாயப் பாடமும் அதுதான்.

உழைத்தவனுக்கு அதிகம், இல்லாதவனுக்கு அதிகம் என்பதெல்லாம் எப்போது புரியும்?

சமம் என்ற சட்டம் ஊறிய பிறகு, அதைத் தளர்த்தும் பக்குவம் மெல்ல வருகிறது. வில்லியம் டேமன் 1970-களில் பிள்ளைகளோடு பேசி இதன் படிகளை வரைந்தார். நான்கு வயதுக்குக் கீழே “எனக்கு வேண்டும், அதனால் எனக்கு.” அடுத்து “நான்தான் பெரியவன், அதனால் எனக்கு.” ஐந்து, ஆறில் “எல்லாருக்கும் ஒரே அளவு.” பிறகு “அவன் அதிகம் செய்தான்.” எட்டை ஒட்டி “அவனிடம் ஒன்றுமே இல்லை, அவனுக்குக் கொடுக்கலாம்.” இதைப் படிக்கட்டு என்று கொள்ள வேண்டாம், பிள்ளைகள் ஏறி இறங்குவார்கள். மூன்று வயதிலேயே அதிகம் உழைத்தவனுக்கு அதிகம் தரும் பிள்ளைகளைப் பின்னால் வந்த ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

பதின்பருவத்திலும் இது நிற்பதில்லை. நார்வேயில் இங்வில்ட் ஆல்மோஸும் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் யார் எவ்வளவு உழைத்தாலும் பணத்தைச் சமமாகப் பிரித்தார்கள். பள்ளியிறுதி நெருங்க நெருங்க, உழைப்பால் வந்த ஏற்றத்தாழ்வை ஏற்றுக்கொண்டார்கள். அதிர்ஷ்டத்தால் வந்ததை அந்த அளவுக்கு ஏற்கவில்லை.

புத்தகத்தில் தேட வேண்டாம், நம் தெருவிலேயே இருக்கிறது. கண்ணாமூச்சியோ ஓடிப்பிடித்தோ ஆடும்போது அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் வாண்டுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஒப்புக்குச் சப்பாணி’. அவனைப் பிடித்தாலும் ‘அவுட்’ கிடையாது. எல்லாருக்கும் ஒரே விதி என்று மல்லுக்கு நிற்கும் அதே எட்டு வயதுக்காரர்கள், சின்னவனுக்கு மட்டும் விதியைத் தளர்த்திக்கொள்கிறார்கள். எந்தப் பெரியவரும் சொல்லிக்கொடுத்தது இல்லை.

பொருள் ஒன்றுதான் இருக்கிறது, உடைக்கவும் முடியாது. என்ன செய்வது?

முறையை நியாயமாக்குங்கள். முடிவு பிடிக்காவிட்டாலும் முறை நேர்மையானது என்றால் ஐந்து வயதுப் பிள்ளையே ஏற்றுக்கொள்ளும். ஜெர்மனியில் பட்ரீசியா குரோக்கும் சகாக்களும் 2015-இல் சுழல் சக்கரம் ஒன்றை வைத்துப் பங்கைத் தீர்மானித்தார்கள். எல்லாருக்கும் ஒரே வாய்ப்புள்ள சக்கரம் என்றால், குறைவாகக் கிடைத்த பிள்ளைகளும் பெரும்பாலும் சரி என்றார்கள். ஒருவருக்குச் சாதகமாகச் செய்த சக்கரத்தை மறுத்தார்கள்.

நம்மிடம் ‘சா பூ த்ரீ’ இருக்கிறது. உடைக்கக்கூடிய பொருளாக இருந்தால் ‘காக்காக் கடி’ இருக்கிறது. போன ஆண்டு என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் கடலை மிட்டாயைச் சட்டை நுனியில் சுற்றி, எச்சில் படாமல் ஒரே கடியாகக் கடித்தான். பிரித்துப் பார்த்தால் ஒரு துண்டு பெரியது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தான். பிறகு கையை நீட்டி, “நீயே எடு” என்றான். மற்றவன் சின்னதை எடுத்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிரித்தவன் தேர்ந்தெடுக்கக்கூடாது என்ற விதியை உங்கள் வீட்டிலும் வையுங்கள். கத்தி பிடிக்கும் கை தானாகவே கவனமாகிவிடும்.

ஒற்றைப் பிள்ளைகள் பகிரமாட்டார்கள் என்பது சரியா?

இல்லை. முன்பு சொன்ன சுவிட்சர்லாந்து ஆய்வில் உடன்பிறப்பு இல்லாத பிள்ளைகளே மற்றவர்களைவிட அதிகம் பகிர்ந்தார்கள். கல்யாண வீட்டில் யாராவது இதைச் சொல்லி உங்களை வருத்தினால் இதைச் சொல்லுங்கள்.

பகிர்ந்தால் சாக்லேட் தருகிறேன் என்று சொல்லிப் பழக்கலாமா?

வேண்டாம். வார்னெக்கனும் டொமசெல்லோவும் 2008-இல் இருபது மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். உதவி செய்த ஒவ்வொரு முறையும் விளையாட்டுப் பொருள் பரிசாகப் பெற்ற குழந்தைகள், பரிசு நின்றபின் உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள். பாராட்டு மட்டும் பெற்றவர்களும் எதுவுமே பெறாதவர்களும் தொடர்ந்து உதவினார்கள். உள்ளிருந்து வந்துகொண்டிருந்த ஒன்றுக்கு நாம் விலை வைக்கிறோம். விலை நின்றால் வரத்தும் நிற்கிறது.

விருந்தாளி வீட்டுப் பிள்ளை பொம்மை கேட்கிறது. பிடுங்கிக் கொடுத்துவிடுகிறோம். தவறா?

தவறு என்றே சொல்வேன், நானும் செய்திருக்கிறேன். வந்தவர் முன் நம் கௌரவத்தைக் காப்பாற்ற நம் பிள்ளையின் பொருளை எடுத்துக் கொடுக்கிறோம். கொடுத்தது நாம்தான், பிள்ளை இழந்திருக்கிறது. இதில் அது எதைக் கற்கும்? வலியவர் பிடுங்கலாம் என்பதைத்தான்.

நாடியா செர்னியாக், தமார் குஷ்னிர் இருவரின் 2013 ஆய்வு இங்கே உதவும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் வருத்தமாக இருக்கும் ஒரு பொம்மை நாயைக் காட்டினார்கள். சிலரிடம் “இந்த ஸ்டிக்கரை நீ வைத்துக்கொள்ளலாம், நாய்க்கும் கொடுக்கலாம்” என்று தேர்வை விட்டார்கள். சிலரிடம் “நாய்க்குக் கொடுக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டார்கள். பிறகு வேறொரு பொம்மை வந்தபோது, முன்பு தன் விருப்பத்தால், தனக்கு வேண்டியதை விட்டுக்கொடுத்த பிள்ளைகளே அதிகம் பகிர்ந்தார்கள். ஒருமுறை தானாகக் கொடுத்த பிள்ளை தன்னைக் கொடுக்கிறவனாகப் பார்க்கத் தொடங்குகிறது.

விருந்தாளி வருவதற்கு முன்பே கேளுங்கள்: “எந்தப் பொம்மையை யாரும் தொடக்கூடாது? எதை வைத்துச் சேர்ந்து விளையாடலாம்?” தொடக்கூடாததை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மீதியைக் கொடுக்கும்போது பிள்ளையின் கை தாராளமாக இருக்கும்.

நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். பயன் இல்லையே?

பிள்ளை காதைவிடக் கண்ணை நம்புகிறது. ஜேம்ஸ் பிரையன், நான்சி வால்பெக் இருவரும் 1970-இல் இதை ஆராய்ந்தார்கள். கொடுக்க வேண்டும் என்று உபதேசித்துவிட்டுத் தானே வைத்துக்கொண்ட பெரியவரைப் பார்த்த பிள்ளைகள், அவர் சொன்னதை விட்டுச் செய்ததைப் பின்பற்றினார்கள்.

பேசுவதாக இருந்தால் கேள்வியாகப் பேசுங்கள். செலியா பிரவுனெல்லும் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், படப் புத்தகம் பார்க்கும்போது “இந்தப் பாப்பா ஏன் அழுகிறது?” என்று கேட்டுக் குழந்தையையே சொல்லவைத்த பெற்றோரின் குழந்தைகள் அதிகம் பகிர்ந்தார்கள், அதிகம் உதவினார்கள். பெற்றோரே விளக்கம் சொல்லி முடித்துவிட்ட வீடுகளில் அந்தப் பலன் இல்லை.

இன்னொரு வழி, சேர்ந்து வேலை செய்ய விடுவது. காத்தரினா ஹாமனும் குழுவினரும் 2011-இல் மூன்று வயதுப் பிள்ளைகள் இருவரை ஒரு கயிற்றைச் சேர்ந்து இழுக்கச் செய்தார்கள். தற்செயலாக ஒருவனுக்கு மூன்று உருண்டை, மற்றவனுக்கு ஒன்று விழுந்தது. மூன்று பெற்றவன் பெரும்பாலும் ஒன்றை எடுத்து மற்றவனுக்குக் கொடுத்தான். உழைப்பில்லாமல் சும்மா கிடைத்தபோது அப்படி அதிகம் கொடுக்கவில்லை. கொடுக்காத மூன்று வயதுக்காரனையும், சேர்ந்து உழைத்தால் கொடுக்கிறவனாக்க முடிகிறது. இருவரையும் சேர்த்துப் பட்டாணி உரிக்கச் சொல்லுங்கள்; பிறகு பட்டாணியைப் பங்கிடச் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் எல்லாவற்றையும் சமமாகத்தான் செய்ய வேண்டுமா? முடியவில்லையே.

முடியாது, வேண்டியதும் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது மற்றவனுக்கு அநீதி ஆகாது. அமண்டா கோவல், லோரி கிரேமர் இருவரும் 1997-இல் பதினொன்று முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கேட்டபோது, பெற்றோர் தங்களிடமும் உடன்பிறப்பிடமும் வேறு மாதிரி நடந்துகொண்டதில் பெரும்பகுதியை அவர்கள் அநியாயமாகக் கருதவில்லை. அவள் சின்னவள், அவனுக்கு உடம்பு முடியவில்லை என்று காரணத்தைப் புரிந்துகொண்டிருந்தார்கள். காரணம் புரிந்த இடத்தில் உடன்பிறப்பு உறவும் நன்றாக இருந்தது.

காரணம் சொல்ல முடியாத வேறுபாட்டுக்குத் தமிழில் ஓரவஞ்சனை என்று பெயர். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. நான் பிறந்த வீட்டில் மீன் குழம்பு வைக்கும் நாளில் நடுத்துண்டு அண்ணன் தட்டுக்குப் போகும், வால் துண்டு எனக்கு வரும். “அவன் ஆம்பிளைப் பிள்ளை” என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஏழு வயதில் அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணனுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். ஒருநாள் அம்மா திரும்பிய நேரத்தில் துண்டைச் சத்தமில்லாமல் என் தட்டுக்கு மாற்றினான். அவனுக்கு அப்போது பத்து வயது. பெண் பிள்ளைக்கு ஒன்றும் ஆண் பிள்ளைக்கு ஒன்றுமாகத் தட்டில் வைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்பது வயது மகள் கோயில் வாசலில் அமர்ந்திருந்த பாட்டிக்குத் தன் உண்டியல் பணம் முழுவதையும் கொடுக்க வேண்டும் என்கிறாள். தடுக்கலாமா?

தடுக்காதீர்கள், தொகையை அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். இந்த வயதில் இல்லாமை கண்ணில் படத் தொடங்குகிறது. யாரிடம் ஏற்கெனவே குறைவாக இருக்கிறது என்று பார்த்துக் கொடுக்கும் மனம் எட்டு வயதை ஒட்டி வலுப்பெறுகிறது. அது முதன்முதலாக வாய்திறந்து கேட்கும்போது “எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று மூடிவிட்டால் மறுபடி கேட்க நாளாகும்.

உண்டியலைத் திறந்து பாயில் கொட்டி அவளையே எண்ணச் சொல்லுங்கள். எவ்வளவு வைத்துக்கொள்வது, எவ்வளவு கொடுப்பது, பணமாகவா சாப்பாடாகவா என்று அவளே முடிவு செய்யட்டும். எவ்வளவு என்றாலும் நீங்கள் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கோயிலுக்கு உடன் போங்கள். பாட்டியின் கையில் அவளே கொடுக்கட்டும். நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.